டாக்டர் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: தொண்டை வலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரு டாக்டர் உடனே ஆன்டிபயாடிக் எழுதினார். இன்னொருவர் ‘மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம்’ என்றார். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் போட்ட கணக்கு ஒன்றாகவே இருக்கலாம், கோடு கிழித்த இடம்தான் வேறு. தொண்டையைப் பார்த்த மாத்திரத்தில் வைரஸா, ஸ்ட்ரெப் பாக்டீரியாவா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 1981இல் வந்த சென்டார் அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. காய்ச்சல் உண்டா, டான்சிலில் சீழோ வெள்ளைப் படலமோ தெரிகிறதா, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறதா, இருமல் இல்லாமல் இருக்கிறதா என்று நான்கு விஷயம் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. (இருமல் இருந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் இருமல் இல்லாததற்குத்தான் புள்ளி.) பூஜ்யமோ ஒன்றோ வந்தால் பொதுவாக ஆன்டிபயாடிக் வேண்டாம். நான்கும் வந்தால்கூட ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஸ்ட்ரெப் இருக்கும். இரண்டிலும் மூன்றிலும் வந்து நிற்பவர்களிடம்தான் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபடும்.

அடுத்து, மருந்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி. ஆன்டிபயாடிக் சாப்பிடாதவர்களிலேயே 100க்கு 80 பேருக்கு மேல் ஒரு வாரத்தில் தொண்டை வலி தீர்ந்துவிடுகிறது. மருந்து சாப்பிட்டால் சராசரியாக 16 மணி நேரம் முன்னதாகத் தீரும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் வரலாம்; கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும். ஆனால் ஸ்ட்ரெப் தொண்டை வலியைத் தொடர்ந்து வந்து இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் பரவலாக உள்ள பகுதிகளில் இந்தத் தராசு சாய்ந்துவிடும். அங்கே அதே புள்ளிக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மருந்து கொடுப்பதுதான் நியாயம்.

நடுவழி ஒன்றும் உண்டு. சீட்டை இன்றே எழுதிக் கொடுத்துவிட்டு, ‘மூன்று நாளில் குறையாவிட்டாலோ, நடுவில் கூடினாலோ மட்டும் வாங்குங்கள்’ என்பது. சீட்டைத் தரும்போது நாளைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டால் இது கெட்டுப்போகும். நோயாளி போகிற வழியிலேயே மருந்தை வாங்கிவிடுவார். எச்சில்கூட விழுங்க முடியாமை, வாயைத் திறக்க முடியாமை, மூச்சு இழுக்கும்போது சத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த மூன்று நாள் கணக்கு செல்லாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: அப்படியானால், எவ்வளவு சந்தேகம் இருந்தால் மருந்தைத் தொடங்குவார்கள்?

பதில்: நோய்க்கு நோய் மாறும். மருந்து கொடுக்காமல் விட்டு நோய் இருந்துவிட்டால் என்ன கேடு, நோய் இல்லாதவருக்கு மருந்து கொடுத்துவிட்டால் என்ன கேடு, இந்த இரண்டையும் எடை போட்டே கோடு கிழிக்கப்படுகிறது. பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்று சிறு சந்தேகம் வந்தாலும் ஆன்டிபயாடிக் ஊசி போட்டே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், ஏனென்றால் தாமதம் உயிரைக் குடிக்கும். சாதாரண முதுகுவலியில் இது தலைகீழ். சிறுநீர் அடைப்பு, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் பலம் குறைந்துகொண்டே போதல், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது போன்ற அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால், முதல் ஆறு வாரம் எம்.ஆர்.ஐ. எடுப்பதால் வலி சீக்கிரம் தீர்வதில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் முதுகெலும்பு வட்டின் (டிஸ்க்) தேய்மானமும் பிதுக்கமும் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் தேவையில்லாத ஊசி, அறுவை என்று இழுபட நேரும்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 79. இதுவரை இதய நோய் இல்லை. ‘கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பை 25 சதவீதம் குறைக்கும்’ என்று படித்தேன். டாக்டரோ ‘உங்கள் விருப்பம்’ என்கிறார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறாரா?

பதில்: இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறார். முதலில் அந்த 25 சதவீதம். எதில் 25 என்பதைக் கேட்க வேண்டும். அடுத்த பத்தாண்டில் 100 பேரில் 20 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய கூட்டம் என்றால், அது 15 ஆகும். 5 பேர் தப்புவார்கள். 100இல் 4 பேருக்கு வரக்கூடிய கூட்டம் என்றால், 3 ஆகும், தப்புவது ஒருவர். சதவீதம் ஒன்றே, பலன் ஐந்து மடங்கு வேறு.

அடுத்து வயது. இதய நோய் வராதவர்கள் 76 வயதிலோ அதற்கு மேலோ ஸ்டாட்டினைப் புதிதாகத் தொடங்கலாமா என்ற கேள்விக்கு, அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இல் ‘சான்று போதாது’ என்றே எழுதியது. பலனில்லை என்பது வேறு, பலன் உண்டா என்று தெரியவில்லை என்பது வேறு. இப்படிப்பட்ட இடத்தில் அம்மா ஏற்கெனவே எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார், இன்னொன்று சேர்ந்தால் அவருக்குச் சுமையா, பக்கவாதத்தைப் பற்றி அவருக்கு எவ்வளவு பயம் என்பதையெல்லாம் வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். அம்மாவையே கேளுங்கள்.

தொடங்கிய பிறகு உடம்பு வலித்தால் மாத்திரைமேல் உடனே பழி போட்டுவிட வேண்டாம். 2020இல் வெளிவந்த சாம்சன் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றிமாற்றி வைத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் கூடிய தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. ஆனாலும் தசை வலி கடுமையாகி, சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அறிகுறியே இல்லாதபோது ‘எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாமே’ என்றால் டாக்டர் தயங்குகிறாரே?

பதில்: ஒரு நோய் 1,000 பேரில் 10 பேருக்கு இருக்கிறது என்று வையுங்கள். டெஸ்ட் நல்ல டெஸ்ட்: நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், இல்லாத 100 பேரில் 90 பேரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும். எல்லோருக்கும் எடுத்தால், அந்த 10 பேரில் 9 பேர் சிக்குவார்கள். நோயே இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் ‘இருக்கிறது’ என்று வரும். ஆக, ‘பாசிட்டிவ்’ என்று கலங்கி நிற்கும் 108 பேரில் நோயாளி 9 பேர்தான். அறிகுறி உள்ளவருக்கு இதே டெஸ்டை எடுத்தால் கணக்கே மாறிவிடும்.

கேள்வி: உடம்பு வேலை செய்யும் விதத்தை வைத்தே மருந்து எது என்று யூகித்துவிட முடியாதா? ஆய்வுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

பதில்: மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறானால் ஆபத்து என்பதால், துடிப்பை ஒழுங்காக்கும் என்கெய்னைடும் ஃபிளெக்கெய்னைடும் கொடுத்தார்கள். துடிப்பு சீரானது உண்மை. 1989இல் வெளிவந்த காஸ்ட் ஆய்வு பார்த்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவற்றைச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். ஈ.சி.ஜி. அழகாவதும் ஆயுள் கூடுவதும் ஒன்றல்ல.

கேள்வி: ‘உறுதியாகத் தெரியாது’ என்று டாக்டர் சொன்னால், நான் என்ன கேட்டுவிட்டு வர வேண்டும்?

பதில்: எந்த நோயாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், எந்த நோய் இல்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள், இது எத்தனை நாளில் குறைய வேண்டும், என்ன தெரிந்தால் அந்த நாளுக்குக் காத்திராமல் வர வேண்டும், அப்போது இரவானால் எங்கே போவது? பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘சரியாகாவிட்டால் வாங்க’ என்று மட்டும் சொன்னால், எழுந்துவிடாதீர்கள். ‘எத்தனை நாள் டாக்டர்?’ என்று இன்னொரு முறை கேளுங்கள்.