வாரா வாரம் பறப்பவருக்குத் தூரத்து ஏர்போர்ட் லாபமா?

கேள்வி: வேலைக்காக ஒவ்வொரு திங்கள் காலையும் ஒரே ஊருக்குப் பறந்து போய் வியாழன் இரவு திரும்புகிறேன். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய விமான நிலையத்தில் கட்டணம் அநியாயமாக இருக்கிறது. இரண்டு மணி நேரத் தூரத்தில் இன்னொன்று உண்டு, அங்கிருந்து ஏறத்தாழ பாதி விலை. மாறிவிடலாமா? இதற்கிடையில் ஒரு ஏஜெண்ட், பக்கத்து ஏர்போர்ட்டிலிருந்தே ‘கார்ப்பரேட் கட்டணத்தில்’ மலிவாக எடுத்துத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா? லவுஞ்சுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது நல்லதா?

பதில்: மாறாதீர்கள். ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் மாறலாம், அதைப் பிறகு சொல்கிறேன். ஏஜெண்ட் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம் என்பதால் அது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் கேட்கிற விலை முழுக்க அந்த ஏர்போர்ட்டுக்கான விலை அல்ல. நெருக்கடியான விமான நிலையங்களில் இடப் பற்றாக்குறை உண்டு என்பது உண்மைதான். லண்டன் ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ஓடுபாதை, வருடத்துக்கு 4,80,000 முறைக்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கக் கூடாது என்ற உச்சவரம்பு வேறு. அந்த மாதிரி இடங்களில், ஏறி இறங்க ஒரு விமான நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரங்களில் 80 சதவீதத்தையாவது பயன்படுத்தாவிட்டால் அது கைவிட்டுப் போகும் என்பதற்காகக் காலி விமானத்தைக்கூட ஓட்டுவார்கள், புதிதாக ஒருவர் உள்ளே வந்து விலையைக் குறைத்துவிடாமல் இருக்க. ஆனால் உங்கள் கட்டணம் உயர்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் நீங்கள்தான். அதாவது, திங்கள் போய் வியாழன் திரும்புகிற ஆள் யார் என்று விமான நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும். 1977-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சூப்பர் சேவர் என்ற மலிவுக் கட்டணத்தைக் கொண்டுவந்தபோதே, பல நாள் முன்கூட்டி வாங்க வேண்டும், போன இடத்தில் குறைந்தது இத்தனை நாள் தங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஊர் சுற்றப் போகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை, வேலைக்குப் போகிறவரால் அதில் நுழையவே முடியாது. அந்த வேலி பல தடங்களில் இன்றைக்கும் நிற்கிறது. சனிக்கிழமை இரவு உள்ளே வராத போக-வர டிக்கெட் என்றால் அலுவலகப் பணம் என்று பொருள், அவ்வளவுதான்.

அதனால் முதலில் டிக்கெட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதல் திங்களுக்கு மட்டும் ஒருவழி டிக்கெட். அப்புறம் வேலை செய்யும் ஊரிலிருந்து தொடங்குகிற மாதிரி போக-வர டிக்கெட்: இந்த வியாழன் அங்கிருந்து கிளம்பி, அடுத்த திங்கள் அங்கே திரும்பிப் போவது. அடுத்த வாரமும் அப்படியே. நீங்கள் பறப்பது அதே நாட்களில் அதே விமானங்களில்தான், ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டுக்குள்ளும் இப்போது வார இறுதி வந்துவிடுகிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஒரு டிக்கெட் முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்குகிறது, எந்தப் பகுதியையும் பறக்காமல் விடவும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஏதோ ஒரு வியாழன் வீட்டுக்கு வராமல் அங்கேயே தங்கிவிட்டால், அந்த டிக்கெட்டின் திங்கள் பகுதியும் பொதுவாக ரத்தாகிவிடும், அப்படித் தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே மாற்றச் சொல்லுங்கள். ஒருவழி, ஒருவழியாகவே விற்கும் மலிவு விமான நிறுவனங்களின் தடத்தில் இதனால் பயன் இருக்காது. இரண்டு வகையிலும் விலை போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். செவ்வாய் நள்ளிரவில் வாங்கினால் மலிவு, தேடல் வரலாற்றை அழித்தால் மலிவு என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற டிக்கெட்டின் விலை மாற்ற முடியாததைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மலிவானதை வாங்கி, திட்டம் மாறும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இரண்டு மடங்கு விலைக்குப் புதிதாக வாங்கினால்கூட, இரண்டு பயணத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாறினால்தான் உங்களுக்கு நஷ்டம். இந்தக் கணக்கைக் கணக்குப் பிரிவில் சொல்லிப் பாருங்கள், நடக்காது! வருடம் முழுக்க இரட்டை விலை கொடுப்பார்கள், ஆனால் பயன்படுத்தாத டிக்கெட் ஒன்று பட்டியலில் வந்துவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவார்கள். அப்படி வீணான டிக்கெட்டிலும் அரசு வரிகளைக் கேட்டால் திருப்பித் தரும் நிறுவனங்கள் பல உண்டு. கேட்பவர்கள்தான் இல்லை.

சரி, தூரத்து ஏர்போர்ட். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதல் என்றால் வாரத்துக்கு மூன்று, வருடத்துக்கு 45 வாரம் என்று வைத்தால் 135 மணி நேரம். மூன்று வார வேலை நேரத்துக்கும் மேல் சாலையில் போகிறது. போகிற ஊரிலும் இதே கதை இருக்கலாம். பிராங்பர்ட் பெயரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஹான் விமான நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வண்டி நிறுத்தக் கட்டணத்தை நீங்கள் கணக்கில் சேர்த்தீர்களா என்று தெரியவில்லை, நாலு நாள் நிற்கப்போகிற வண்டி அது. இதையெல்லாம்விட முக்கியம், சின்ன விமான நிலையத்தில் அந்தத் தடத்துக்கு ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ விமானம்தான் இருக்கும், அது ரத்தானால் மறுநாள்தான்.

எப்போது மாறலாம்? பக்கத்து ஏர்போர்ட்டிலிருந்து நேரடி விமானம் இல்லாமல் நடுவில் இறங்கி ஏற வேண்டியிருந்து, தூரத்து ஏர்போர்ட்டிலிருந்து நேரடியாகப் போக முடிகிறது என்றால் மட்டும். இறங்கி ஏறும் பயணத்தில் காத்திருப்பு ஒரு மணி நேரமாவது போகும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதைத் தவறவிடவும் கூடும். ஆகவே வீட்டுக் கதவிலிருந்து வேலை இடத்தின் கதவு வரை இரண்டு வழியிலும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். திங்களுக்கு மட்டும் பார்த்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள். வியாழன் இரவு பதினோரு மணிக்கு இறங்கி அதற்கு மேல் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுவீர்களா, இல்லை பஸ் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அந்த நேரடி விமானம் வியாழக்கிழமையும் உண்டா? சின்ன ஏர்போர்ட்களில் சில நாட்களில் மட்டும் ஓடும். அதோடு, விமானக் கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும், சின்ன ஏர்போர்ட்டின் தடங்கள் சத்தமில்லாமல் காணாமல் போவது அந்தத் தேதிகளில்தான், எனவே அடுத்த பருவத்துக்கும் விற்பனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக மாறுங்கள்.

இனி அந்த ஏஜெண்ட். கார்ப்பரேட் கட்டணம் என்பது ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக விமான நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தம். உங்கள் நிறுவனத்துக்கு அது இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கே தெரிந்திருக்கும். இல்லையென்றால் அவர் வேறு யாருடைய ஒப்பந்தத்திலோ உங்களை ஏற்றுகிறார், கவுண்டரில் ஊழியர் அடையாள அட்டை கேட்டால் முழிக்கப்போவது நீங்கள், அவர் அங்கே இருக்க மாட்டார். இன்னும் சிலர் அடுத்தவர் பறந்து சேர்த்த பயணப் புள்ளிகளை வாங்கி அதில் டிக்கெட் போட்டு விற்பார்கள், கண்டுபிடித்தால் விமான நிறுவனம் ரத்து செய்துவிடும், பணம் யாரிடமும் கேட்க முடியாது.

நேர்மையான ஏஜெண்ட்களும் இருக்கிறார்கள், ஆனால் யாராக இருந்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள். அவர் அனுப்புகிற ஆறு எழுத்து பிஎன்ஆர் வெறும் பதிவு எண். பணம் கட்டாமலே ஒரு பிஎன்ஆர் உருவாக்க முடியும், கொஞ்ச நேரம் கழித்து அது தானாகக் கலைந்துவிடும். டிக்கெட் என்பது 13 இலக்க எண், அதில் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட விமான நிறுவனத்தின் குறியீடு. அந்த எண் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள், வந்ததும் விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பெயரையும் எண்ணையும் போட்டுப் பாருங்கள். மலிவு விமான நிறுவனங்கள் சிலவற்றில் 13 இலக்க எண் இருக்காது, அங்கே அவர்களுடைய தளத்திலேயே உறுதி ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அங்கேயே தொடர்பு எண்ணையும் பாருங்கள், பல ஏஜெண்ட்கள் தங்கள் கைபேசி எண்ணைத்தான் கொடுத்திருப்பார்கள். விமானம் ஐந்து மணி நேரம் முன்னால் போகிறது என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேரும், நீங்கள் பெட்டியோடு போய் நிற்பீர்கள்.

ரத்தானால் திரும்பும் பணமும் வாங்கிய வழியாகத்தான் வரும், அதாவது ஏஜெண்டிடம். விமான நிறுவனத்தைக் கேட்டால் உங்கள் ஏஜெண்டிடம் பேசுங்கள் என்பார்கள், ஏஜெண்டைக் கேட்டால் நிறுவனத்திலிருந்து இன்னும் வரவில்லை என்பார். இரண்டு பேரும் சேர்ந்து உங்களை இப்படிப் பந்தாடுவார்கள். வாரா வாரம் பறக்கிற நீங்கள் நேரடியாக விமான நிறுவனத்திடமே வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும்.

லவுஞ்ச் சந்தா வேண்டாம். நீங்கள் பயணம் செய்யும் திங்கள் காலையும் வியாழன் மாலையும்தான் அங்கே கூட்டம் அதிகம், ஏற்கெனவே உங்கள் கிரெடிட் கார்டில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் பாதுகாப்புச் சோதனையில் தனி வரிசைக்குக் கட்டுங்கள், பெட்டியைக் கையோடு எடுத்துப் போகிறவருக்கு நேரம் மிச்சமாவது அந்த இடத்தில்தான்.