பனங்களியின் காறல் போய்விட்டது, காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலேயே பனங்களிப் பானம் செய்து நாலைந்து கடைகளுக்குப் போத்தலில் கொடுத்து வருகிறேன். பனம்பழத்தைப் பிசைந்து வடித்த களி யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறது. அதன் கசப்பையும் தொண்டையில் நிற்கும் காறலையும் போக்க ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன். அடுத்த மாதம் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் ஒரு கண்காட்சியில் கடை போட இடம் கிடைத்திருக்கிறது. இதற்குக் காப்புரிமை எடுக்க முடியுமா? லண்டனுக்கும் அனுப்ப ஆசை.

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு பந்தியை நீக்கிவிட்டே வெளியிட்டிருக்கிறேன். எதை, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் களியோடு வைக்கிறீர்கள் என்று விளக்கமாக எழுதியிருந்தீர்கள். அது இங்கே அச்சாகியிருந்தால், உங்கள் முறை உலகத்துக்குத் தெரிந்த முறையாகியிருக்கும். காப்புரிமைக்கு முதல் நிபந்தனை புதுமை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் எங்கே, யார் வெளிப்படுத்தியிருந்தாலும் புதுமை கெட்டுவிடும்; வெளிப்படுத்தியவர் நீங்களாக இருந்தாலும்தான். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விண்ணப்பதாரர் தாமே வெளிப்படுத்தியதை ஓராண்டு வரை பொறுத்துக்கொள்கிறது. பிரித்தானியாவில் அந்தப் பொதுச் சலுகை இல்லை. லண்டன் ஆசை இருந்தால் இலங்கைச் சலுகையை நம்பிக் கண்காட்சியில் வாய் திறக்க வேண்டாம்.

இனி, உங்களிடம் புதுமை இருக்கிறதா என்று பார்ப்போம். பனங்களிப் பானம் என்ற பண்டத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது; பனாட்டும் பணியாரமும் போல அது ஊர்ச் சொத்து. கசப்பை நீக்குவதும் புது எண்ணமல்ல. அந்தக் கசப்புக்குக் காரணம் ஃபிளாபெலிஃபெரின் என்ற சப்போனின் வகைப் பொருள். நரின்ஜினேஸ் என்ற நொதியைக் கொண்டு அதை உடைத்துக் கசப்பைக் குறைக்கலாம் என்று இலங்கை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். ஆகவே ‘நொதியால் கசப்பு நீக்குகிறேன்’ என்று மட்டும் விண்ணப்பித்தால் கதவு அங்கேயே சாத்தப்படும். நீங்கள் நீக்கிய விதத்தில் அந்தத் துறை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றாத ஒரு படி இருக்க வேண்டும்.

அப்படி ஒரு படி எத்தனை சிறியதாக இருக்கலாம் என்பதற்குப் பழச்சாற்றுத் துறையிலேயே பேர்போன சான்று உண்டு. தோடம்பழச் சாற்றைச் சுண்டவைத்து உறைய வைக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பலர் முயன்றார்கள். தண்ணீரோடு வாசனையும் ஆவியாகப் போனது. மெக்டோவல், மூர், அட்கின்ஸ் என்ற மூவர் சாற்றை வேண்டியதற்கும் மேலாகச் சுண்டவைத்து, பிறகு சுண்டவைக்காத பச்சைச் சாற்றில் கொஞ்சத்தை அதில் திரும்ப ஊற்றினார்கள். போன மணம் வந்துவிட்டது. 1948இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆவியாக்குவது பழையது, உறைய வைப்பதும் பழையது. கூடுதலாகச் சுண்டி, பச்சைச் சாற்றால் சரிசெய்த அந்த ஒரு அசைவுதான் கண்டுபிடிப்பு. அவர்கள் அந்த உரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்து யாவருக்கும் திறந்துவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி.

உங்கள் அசைவு எது? இதைக் கண்டுபிடிக்கத் தாள் கட்டிய கொப்பி ஒன்று போதும். மரத்துக்கு மரம் கசப்பு மாறும் என்பது பனை உள்ள ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். இன்று கசக்காத களி உங்கள் முறையால் கசக்கவில்லையா, அந்த மரத்தால் கசக்கவில்லையா? எனவே ஒரே நாளில் பிசைந்து வடித்த ஒரே களியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு உங்கள் முறை. மறுபாதிக்கு அதே சூடு, அதே நேரம், ஆனால் அந்தப் பொருள் மட்டும் இல்லை. எது எதுவென்று சொல்லாமல் பத்துப் பேருக்கு ருசிக்கக் கொடுத்து, சொன்னதைச் சொன்னபடி திகதியோடு எழுதுங்கள். வேறு வேறு மரத்துக் களியில் இதைத் திரும்பச் செய்யுங்கள். சூட்டைக் கொஞ்சம் கூட்டி, குறைத்து, எங்கே முறை தோற்கிறது என்றும் பாருங்கள். தோற்கும் எல்லை தெரிந்தால்தான் உரிமைக் கோரிக்கையை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் சொல்லும் பகுதியை, உறுதியாக எழுத முடியும். உதவிக்கு வரும் உறவினரிடமும் ஆய்வுகூடத்திடமும் இரகசியம் காக்கும் உடன்பாட்டில் முதலில் கையொப்பம் வாங்குங்கள். மச்சாள் என்றாலும் வாங்குங்கள்.

அடுத்த கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவே பெரியது: காப்புரிமைதான் உங்களுக்கு ஏற்றதா? விண்ணப்பத்தில் முறையை முழுவதும் எழுத வேண்டும், அது வெளியாகும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு உரிமை, அதுவும் ஆண்டுக் கட்டணம் கட்டி வந்தால், கொடுத்த நாட்டில் மட்டும். இன்னொருவர் தன் வீட்டுச் சமையலறையில் அதே முறையைப் பின்பற்றினால் அவருடைய போத்தலைப் பார்த்து எப்படி நிரூபிப்பீர்கள்? பானத்தைச் சோதித்துப் பார்த்து முறையை அறிய முடியாது என்றால், இரகசியமாக வைத்திருப்பதே நல்லது என்பது என் எண்ணம். வெளியிடப்படாத தகவலுக்கும் நம் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. சோதனையில் முறையின் தடயம் தெரியும் என்றால் காப்புரிமைக்குப் போங்கள். எந்த வழியானாலும் பானத்தின் பெயரை வியாபாரக் குறியாகப் பதிவு செய்யுங்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

காப்புரிமை என்று முடிவானால், கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அதற்கு முன் எஸ்பசெநெட், பேட்டன்ட்ஸ்கோப் ஆகிய இலவசத் தேடல் தளங்களில் பனையின் தாவரவியல் பெயரைக் கொடுத்து ஒரு மாலை முழுவதும் தேடுங்கள். இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பிரித்தானியாவிலும் விண்ணப்பித்தால், இலங்கைத் திகதியே முன்னுரிமைத் திகதியாக, அதாவது புதுமையைப் பார்க்கும் நாளாக, அங்கும் கணக்கில் வரும். உரிமைக் கோரிக்கைப் பகுதியை மட்டும் நீங்களே எழுதாமல், அனுபவமுள்ள புலமைச் சொத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். ஒரு சொல் அகலமானால் நிராகரிப்பு, குறுகினால் அடுத்தவர் சுற்றிப் போய்விடுவார்.

பாதுகாப்புப் பற்றி ஒன்று. பனங்களி எலுமிச்சை போலத் தானாகப் புளிப்பானதல்ல. கடைத் தட்டில் நிற்கும் போத்தலுக்கு pH என்ற அமில அளவு (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6க்குக் கீழே இருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் அளந்து பாருங்கள். அதற்கு மேலே கொடிய நச்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமி வளர இடமுண்டு.

கண்காட்சிக்குத் தாராளமாகப் போங்கள். பானத்தை ஊற்றிக் கொடுங்கள், பெயரைப் பெரிதாக எழுதி வையுங்கள். விண்ணப்ப இலக்கம் கைக்கு வரும்வரை செய்முறைப் பலகையும் துண்டுப் பிரசுரமும் வேண்டாம். ‘எப்படிக் கசப்பை எடுத்தீர்கள்?’ என்று கேட்பவருக்கு இன்னொரு கோப்பை கொடுங்கள்.