அகஸ்டஸா, வெஸ்பாசியனா, ஹேட்ரியனா: எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ரோமப் பேரரசர்களின் தலைச் சிலைகள் எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன, தேர்வுக்கு எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருந்தீர்கள். முகத்தை விடுங்கள், முதலில் முடியைப் பாருங்கள். அகஸ்டஸுக்கு நெற்றிக்கு மேலே முடிக்கற்றை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும், அதற்குப் பக்கத்திலேயே இரண்டு கற்றைகள் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒன்றையொன்று நோக்கி வளையும். 1863இல் ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில் கிடைத்து இப்போது வத்திக்கானில் இருக்கும் சிலையில் இது அழகாகத் தெரியும். வயதை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள். அவர் இறந்தது 75 வயதில், ஆனால் சிலைகளில் கடைசிவரை இளைஞர்தான்.

வெஸ்பாசியன் நேர்மாறு. வழுக்கை, நெற்றிச் சுருக்கம், இறுகிய வாய். நீரோ வீழ்ந்த பிறகு அவருடைய தலைகள் சிலவற்றையே வெஸ்பாசியனாகத் திருத்திச் செதுக்கினார்கள், அதனால் சிலவற்றில் பிடரியில் பழைய முடி மிச்சமிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான்.

ஹேட்ரியன் சுலபம், முழுத்தாடியோடு காட்டப்பட்ட முதல் பேரரசர். அப்புறம் கண்ணையும் பெரிதாக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ கி.பி. 130 வரை கண்மணியை வண்ணத்தில்தான் தீட்டினார்கள், அதன் பிறகுதான் கல்லிலேயே குழித்துச் செதுக்கும் பழக்கம் பரவியது. மூக்கை மட்டும் நம்பவே வேண்டாம், பல சிலைகளில் அது பிற்காலத்தில் ஒட்டியது. குழப்பமான தலை ஏதாவது இருந்தால் பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.