மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குப் போன பூட்டனைத் தேட எங்கே தொடங்குவது?

கேள்வியில் நீங்கள் தந்திருப்பது மூன்று விடயம்: பூட்டனின் பெயர் கந்தையா, ஊர் வட்டுக்கோட்டைப் பக்கம், 1910 அளவில் மலாயா போய் ரயில்வேயில் வேலை. இதை மட்டும் வைத்துக்கொண்டு கோலாலம்பூர் ஆவணங்களில் இறங்கினால் கந்தையாக்கள் வரிசையாக வருவார்கள், உங்களுடைய கந்தையா எவர் என்று பிரித்தெடுக்க வழியிருக்காது. தகப்பன் பெயர், மனைவி பெயர், காணிப் பெயர் மூன்றும் கையில் வந்த பிறகு கடல் தாண்டுங்கள். மூன்றும் ஒரே தாளில் அகப்படக்கூடிய இடம் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில் எழுதாத காணிக் கைமாற்றம் செல்லாது. மலாயா போனவர்கள் ஊர்க்காணியை விட்டுவிட்டுப் போனவர்கள் அல்லர். லீவில் வந்து எழுதினார்கள், இல்லாவிட்டால் தமையனுக்கோ மைத்துனருக்கோ அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) அனுப்பினார்கள். அற்றோணி எழுதிய உறுதியின் தொடக்கத்தை வரிவரியாக வாசியுங்கள். தத்துவம் கொடுத்தவர் எங்கே இருந்தார், எந்தத் திகதியில் கொடுத்தார் என்பது அங்கே வரும். ஈப்போவா, சிரம்பானா, தைப்பிங்கா என்பது பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. வீட்டில் ஒருவருக்கும் நினைவில் இராது.

உறுதி வீட்டில் இல்லாவிட்டால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகம். அங்கே ஆள் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை, பதிவேடு காணியை வைத்து ஓடுகிறது. கோயிற்பற்று, இறை (இரண்டும் உறுதியில் வரும் பழைய ஊர்ப் பிரிவுகள்), காணிப் பெயர், பரப்பளவு, நான்கு எல்லை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பழைய உறுதிகள் பரப்பிலும் குழியிலும் பேசும். வரகு விதைப்புக் கணக்கில் 18 குழி 1 பரப்பு, 16 பரப்பு 1 ஏக்கர். காணியின் ஏடும் பக்கமும் தெரிந்துவிட்டால் அதே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்ட உறுதிகளின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் எல்லாம் கிடைக்கும். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டியவர் என்பதால், வீட்டுப் பிரதியைக் கறையான் தின்றிருந்தாலும் பிரதி எடுக்க இடமுண்டு.

இரண்டு இடத்தில் எல்லாரும் சறுக்குவார்கள். ஒன்று எல்லை விவரம். 'மேற்கு: பொன்னம்பலம் மனைவி சின்னாச்சியும் பங்குகாரரும்' என்று இருந்தால் அது பெரும்பாலும் சகோதரியின் பங்கு. ஒரே வளவைப் பிரித்த காணிகளில் எல்லையே பாதி வம்சாவளி. ஆனால் நொத்தாரிசுகள் பழைய உறுதியைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். 1935 உறுதியில் எல்லைக்காரியாக வரும் சின்னாச்சி அதற்கு முன்பே செத்திருக்கலாம். அந்தப் பெயரை வைத்து 1935இல் அவர் உயிரோடு இருந்தார் என்று முடிவுகட்டாதீர்கள்.

மற்றது பங்குக் கணக்கு. 'மூன்றில் ஒரு பங்கு' என்று கண்டதும் பிள்ளைகள் மூன்று பேர் என்று எழுதிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் வாங்கிய மகளுக்குப் பெற்றோரின் முதுசத்தில் (பரம்பரைச் சொத்தில்) பிறகு உரிமை இல்லை. ஆகவே அந்த மூன்று பேருக்கு மேல் சீதனம் கொடுத்துக் கரைசேர்த்த சகோதரிகள் எத்தனை பேரும் இருக்கலாம். அவர்களைச் சீதன உறுதிகளில் தேடுங்கள். சீதன உறுதியில் மாப்பிள்ளையின் பெயரும் வந்துவிடும்.

அடுத்தது விவாகப் பதிவு. மலாயா உத்தியோகத்தர் பலர் லீவில் வந்து ஊரில்தான் கலியாணம் செய்தார்கள். விவாகப் பதிவில் மாப்பிள்ளையின் தொழில், வதிவிடம், தகப்பன் பெயர், தகப்பன் தொழில் எல்லாம் தனித்தனிக் கூடுகள். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள், திகதி தெரியாவிட்டால் ஆண்டுகளைக் குறித்துத் தேடச் சொல்லுங்கள். அங்கே ஏடு அழிந்திருந்தால் கொழும்பு மாளிகாவத்தை மத்திய பதிவேட்டறையில் கேளுங்கள். பதிவு இல்லை என்று பதில் வந்தால் கலியாணமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. தாலி கட்டிய கலியாணம் பதியாமலே செல்லும் என்றிருந்த காலம் அது. பிறப்புப் பதிவிலும் பிள்ளையின் பெயர் வெறுமையாகவோ, வீட்டில் ஒருவரும் கூப்பிடாத பெயராகவோ இருக்கும். தாய் தகப்பன் பெயரைக் கொண்டு தேடுங்கள்.

இனி மலாயா. தோட்டத் தொழிலாளர் ஆவணங்களில் மினைக்கெடாதீர்கள், அது தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் கதை. நம்மவர்கள் அங்கே 'சிலோன் தமிழர்', 'ஜப்னீஸ்', 'சிலோனீஸ்' என்று பதியப்பட்டார்கள், பெரும்பாலும் கிளாக்கர், ஸ்டேஷன் மாஸ்டர், சேவையர் உத்தியோகம். ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வே 1901இல் ஒன்றானது, கோலாலம்பூரின் செந்தூலில் வேலைத்தலம், பிரிக்பீல்ட்ஸில் குவாட்டர்ஸ். ஆள் மாறிக்கொண்டே இருப்பார், ஒரே கந்தையா மூன்று ஊரில் தெரிவது இடமாற்றத்தால்தான்.

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் உண்டு, வேலை விண்ணப்பமும் இலங்கைக்கு லீவு கேட்ட கடிதமும் அவற்றில் அகப்படும். அதற்கு முதல் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளம், காசில்லாமல் பழைய பத்திரிகைகளைத் தேடலாம். எழுத்துக்கூட்டல்தான் தலையிடி. கந்தையாவின் ஆங்கில முதலெழுத்து கே ஆகவும் இருக்கும், சி ஆகவும் இருக்கும். சின்னத்தம்பி எஸ்ஸிலும் வரும், சியிலும் வரும். முன்னால் நிற்கும் இனிஷியல் தகப்பனுடையது, அது பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். பெயரோடு 'ஜப்னா' என்றும் ஸ்டேஷன் பெயரைச் சேர்த்தும் தேடினால் குப்பை குறையும்.

1942இல் தடம் அறுந்தால் பயப்பட வேண்டாம், ஜப்பான்காரன் காலம். அப்போதைய சான்றிதழில் ஆண்டு 2603 என்று இருந்தால் அச்சுப்பிழை அல்ல, ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, 660ஐக் கழித்து 1943 என்று எடுங்கள்.

இறந்த திகதிக்குக் கல்வெட்டுப் புத்தகம் இருக்கிறதா பாருங்கள், அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் சடங்குக்கு) அச்சடித்த நினைவுப் புத்தகம் அது. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். அதில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் வருடப் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி எல்லாம் இருக்கும். 'பிரபவ தை' என்றால் 1927 என்று எழுதிவிடுவார்கள். வருடம் சித்திரையில் பிறப்பதால் அது 1928 ஜனவரி நடுப்பகுதிக்கும் பெப்ரவரி நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. 60 ஆண்டுச் சுற்று என்பதால் 1868ஆ, 1928ஆ, 1988ஆ என்பதை ஆளின் வயதை வைத்துத் தீர்மானியுங்கள். ஊர்க்கோயில் தூணிலும் மணியிலும் உபயகாரர் பெயர் பார்க்க மறக்காதீர்கள், பெயரோடு மலாயா ஊரையும் சிலர் வெட்டுவித்திருக்கிறார்கள்.

உறுதி கிடைத்து, நொத்தாரிசின் கையெழுத்தில் ஏதாவது ஒரு வரி பிடிபடவில்லை என்றால் அந்த வரியை மட்டும் படமெடுத்துக் கீழே போடுங்கள், வாசித்துச் சொல்லலாம்.