கிடுகால் மூடிய பிணம்: எதிரியின் சாவு பற்றிய கேள்வி பதில்

முப்பத்தொரு வருசம் யாழ்ப்பாணத்தில் சரித்திரமும் சைவசமயமும் படிப்பித்தவன் நான். போர்க்காலத்தில் எங்களை வதைத்த ஒருவன் செத்தால் சந்தோசப்படலாமா, அழலாமா, ஒன்றுமே தோன்றாவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

கேள்வி (கொக்குவில்): சேர், 96இல எங்கட ஒழுங்கையில ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போன அதிகாரி செத்திட்டான் எண்டு தம்பி சொன்னான். எனக்குச் சரியான சந்தோசம். பாயாசம் வைப்பமோ எண்டும் யோசிச்சன், வைக்கேல்லை. இரவு முழுக்க நித்திரை இல்லை. நான் பாவம் செய்திட்டனோ?

பதில்: இல்லை, தங்கச்சி. அவனுக்குப் பயந்து பயந்து வாழ்ந்த உடம்பு இப்போதுதான் மூச்சு விட்டிருக்கிறது. அதை அடக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் அம்மம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 1987 ஐப்பசி. சின்ன மாமாவை இந்திய ஆமி சுட்டு ஒன்பதாம் நாள். ஊரடங்கு, எட்டுச் செலவு கூடச் செய்ய முடியவில்லை. ஒழுங்கை முடக்கில், மதகடியில், ஒரு ஆமிக்காரனின் பிணம் இரண்டு நாளாகக் கிடந்தது. எடுக்க ஒருவரும் வரவில்லை. பின்னேரம் நாய்கள் கூடத் தொடங்கின. அம்மம்மா கொட்டிலில் கிடந்த இரண்டு கிடுகை இழுத்துக்கொண்டு போனா. நான் பின்னால் போனேன். "நாசமறுப்பான், என்ர பிள்ளையைத் திண்டவனே" என்று திட்டித் திட்டியே மூடினா. காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலைக்கும் கல் வைத்தா. கால் ஒன்று வெளியே நின்றது. சப்பாத்து இல்லை, மேஸ் மட்டும், பெருவிரலடியில் ஓட்டை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கிடுகைக் கீழே இழுத்து விட்டா. வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. நேரே கிணத்தடிக்குப் போய்த் தலையில் தண்ணி வார்த்து முழுகினா. "அவனுக்கு ஏனம்மம்மா முழுகிறியள்?" என்று கேட்டேன். "துடக்கு எண்டா துடக்குத்தானேடா" என்றா.

அவ அவனை மன்னிக்கவில்லை. கட்டையில் போகும் வரைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் நாய் தின்ன விடவும் இல்லை. உங்கள் சந்தோசமும் உங்கள் நித்திரையில்லாத இரவும் அந்த மாதிரித்தான். இரண்டும் உங்களுடையவை, ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. பாயாசம் வைக்காமல் விட்டது நல்லது. 2009 மே மாதம் தெற்கில் தெருத்தெருவாகப் பாற்சோறு பரிமாறியபோது எங்களுக்கு வயிறு எப்படி எரிந்தது? அந்தச் சோற்றை எங்கள் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி (உயர்தர மாணவன், நல்லூர்): ஹிட்லர் செத்த செய்தி கேட்டு உலகமே சந்தோசப்பட்டதுதானே சேர்? அது பிழையோ?

பதில்: பிழையில்லை, தம்பி. 1945 ஏப்ரல் 30இல் அவன் செத்திராவிட்டால் சண்டை இன்னும் இழுபட்டிருக்கும். ஆனால் அதற்கு முதல் நாள் மிலான் நகரில் நடந்ததையும் படியுங்கள். சுட்டுக் கொல்லப்பட்ட முசோலினியையும் அவனோடு இருந்த பெண்ணையும் ஒரு பெற்றோல் நிலையத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். சனம் துப்பியது, உதைத்தது. அந்தச் சதுக்கத்தை ஏன் தெரிந்தெடுத்தார்கள் தெரியுமா? எட்டு மாதத்துக்கு முன்னர், 1944 ஓகஸ்டில், பாசிசக்காரர் பதினைந்து போராளிகளைச் சுட்டு அதே இடத்தில் பிணங்களை வெயிலில் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. விளங்குவதால்தான் பயமாகவும் இருக்கிறது. நாங்களும் சந்தியில் ரயர் போட்டு மனுசரை எரித்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊர்க்காரர்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம்): அந்த ரயர் சங்கதிதான் என்ர கேள்வியும். 86இல மாற்று இயக்கத்தில இருந்த என்ர அண்ணாவைக் கொன்றவை பிறகு புலிகளின்ர மாவீரர் ஆகிட்டினம். கார்த்திகை 27இல ஊரே விளக்குக் கொளுத்துது. என்னால ஏலாது. ஊருக்குத் துரோகியோ நான்?

பதில்: கொளுத்த வேண்டாம், அக்கா. உங்கள் கையை ஒருவரும் பிடித்து ஏற்ற வைக்க முடியாது. பக்கத்து வீட்டுத் தாய் தன் பிள்ளைக்கு ஏற்றும் விளக்கை அணைக்காமல் இருந்தால் போதும். உங்கள் அண்ணாவின் படத்துக்கும் ஒன்றை ஏற்றுங்கள். நாற்பது வருசமாக இந்த ஊர் அவருக்கு ஒரு திரி கூடக் கொடுக்கவில்லை.

கேள்வி (புத்தளம்): நாங்கள் யாழ்ப்பாணம் சோனகதெரு முஸ்லிம் ஆக்கள். 1990 ஒக்டோபரில எங்களை விரட்டின புலிகள் 2009இல அழிஞ்சபோது எனக்கு அழுகை வரேல்லை. என்னோட படிச்ச யாழ்ப்பாணத்து நண்பி கோவிச்சுக் கதைக்காம விட்டுட்டா.

பதில்: நீங்கள் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, தங்கச்சி. இரண்டு மணித்தியால அவகாசத்தில் நகையையும் காசையும் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். நாங்கள் படலைக்குள் நின்று பார்த்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான், நான் கேட்கிறேன். ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். உங்களை விரட்டக் கட்டளையிட்டவரும், கடைசி மாதங்களில் தாயின் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போகப்பட்ட பதினாறு வயதுப் பிள்ளையும் முள்ளிவாய்க்காலில் ஒரே கடைசிச் சண்டையில்தான் செத்தார்கள். உங்கள் நண்பி அழுதது அந்தப் பிள்ளைக்காகவும் இருக்கலாம். மூசா நபியைத் துரத்திய எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன் கடலில் மூழ்கிய நாளை நீங்கள் ஆசூறா நோன்பு பிடித்து நினைக்கிறீர்கள், விருந்து வைத்து அல்ல. நன்றி சொல்லும் அந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி (பாசையூர்): வேதாகமம் என்ன சொல்லுது சேர்?

பதில்: நான் சைவன், உங்கள் பங்குச் சுவாமியிடமும் கேளுங்கள். ஆனால் நீதிமொழிகளில் இரண்டும் இருக்கிறது. துன்மார்க்கர் அழிந்தால் பட்டணம் ஆர்ப்பரிக்கும் என்று பதினோராம் அதிகாரம். சத்துரு விழும்போது சந்தோசப்படாதே என்று இருபத்து நாலாம் அதிகாரம். தொகுத்தவர்கள் ஒன்றை வெட்டி எறியவில்லை.

கேள்வி (சுழிபுரம்): நாங்கள் சூரன்போர் பார்த்துக் கை தட்டுறம். எதிரியின் சாவைக் கொண்டாடுறது எங்கட சமயத்திலேயே இருக்கே?

பதில்: நல்ல கேள்வி. ஆறு நாள் பட்டினி கிடந்துதான் அந்தச் சூரன்போரைப் பார்க்கிறோம் என்பதை முதலில் நினையுங்கள். ஆனைமுகம், சிங்கமுகம் எல்லாம் விழுந்து, மாமரமாக நின்ற சூரனை வேல் பிளக்கிறது. பிளந்த இரண்டு பாதியும் சேவலாகவும் மயிலாகவும் வர, ஒன்றைக் கொடியில் வைத்தார், மற்றதில் ஏறி இருந்தார் முருகன். இதைத்தான் எங்கள் பெரியவர்கள் மறக்கருணை என்றார்கள்: அடித்துத் திருத்துகிற அருள். கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் உண்மையைச் சொல்ல வேணும், அந்த வேல் எங்கள் கையில் இல்லை. நாங்கள் சுட்ட ஒருவனும் மயிலாக எழும்பவில்லை.

கேள்வி (வட்டுக்கோட்டை): தமிழ் மன்னன் எல்லாளனுக்கு அவனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு மரியாதை செய்ததாகச் சொல்லுறாங்கள். பிறகு ஏன் கோப்பாயில மாவீரர் கல்லறைகள் இருந்த துயிலுமில்லத்தை ஆமி இடிச்சவங்கள்?

பதில்: இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தைத் திறந்தால் இரண்டு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தில், நாற்பத்து நாலு வருசம் நீதியாக ஆண்ட எல்லாளன் விழுந்த இடத்திலேயே தகனம் செய்து, நினைவுச் சின்னம் எழுப்பி, அந்த வழியால் போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று கைமுனு கட்டளையிட்டான். இதை எல்லாரும் சொல்வார்கள். மற்றப் பக்கத்தைச் சொல்ல மாட்டார்கள். வென்ற அரசனுக்கு இத்தனை பேரைக் கொன்றோமே என்று மனம் ஆறவில்லை. ஞானம் பெற்ற பிக்குகளான எட்டு அரகந்தர்கள் வந்து தேற்றினார்கள்: செத்ததில் மனுசர் ஒன்றரைப் பேர்தான், மற்றவர்கள் மிருகத்துக்குச் சமம் என்று.

அரசனுக்கு மரியாதை, படைக்குக் கணக்கே இல்லை. கோப்பாய்க் கல்லறைகளை உழுது அந்த நிலத்தில் முகாம் கட்டியதும் அந்த ஒன்றரைக் கணக்குத்தான். போரில் செத்தவரின் உடலையும் கல்லறையையும் மதிக்க வேணும் என்பது எல்லாத் தரப்புக்கும் பொதுவான சர்வதேச வழக்காற்றுச் சட்டம், செத்தவன் நல்லவனா கெட்டவனா என்று அது கேட்பதில்லை. "அவங்கள் மனுசரே இல்லை சேர்" என்று எனக்கு எழுதியவர்கள் ஏழு பேர். நீங்களும் அதே கணக்குப் பிழையைத்தான் விடுகிறீர்கள். மனுசன் என்றபடியால்தான் அவனிடம் குற்றம் பிடிக்கிறோம்.

கேள்வி (அரியாலை): என்ர மகனைக் கொண்டு போன முகாமுக்குப் பொறுப்பா இருந்தவன் ஆசுப்பத்திரிக் கட்டிலில, நோய் வந்து, பிள்ளைகள் சுத்தி நிக்கச் செத்தானாம். எனக்குச் சந்தோசமும் இல்லை, கவலையும் இல்லை. ஏமாந்த மாதிரிக் கிடக்குது.

பதில்: அம்மா, உங்கள் கேள்வியை நான் பல தடவை வாசித்தேன்.

கிருசாந்தி கொலை வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1996இல் கைதடிச் சோதனைச் சாவடியில், பள்ளிக்கூடம் போய்வந்த அந்தப் பிள்ளையை ஆமிக்காரர் மறித்தார்கள். தேடிப் போன தாய், தம்பி, அயலவரையும் கொன்றார்கள். 1998இல் மரணதண்டனை விதிக்கப்பட்டபோது, குற்றவாளிகளில் ஒருவனான கோப்ரல்தான், செம்மணியில் முந்நூறு நானூறு பேரைப் புதைத்திருக்கிறார்கள், இடம் காட்டுகிறேன் என்று நீதிமன்றத்தில் சொன்னான். 1999இல் தோண்டிப் பதினைந்து பேரின் எலும்பை எடுத்தார்கள். பிறகு 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், இருநூறுக்கு மேல். சின்னப் பிள்ளைகளின் எலும்பும் ஒரு பள்ளிக்கூடப் பையும் வந்தன.

கிருசாந்தியை நினைத்தால் அவன் சாகட்டும் என்றுதான் எனக்கும் வாயில் வரும். அவன் அன்றைக்கே செத்திருந்தால் அந்த இடத்தைக் காட்ட ஆளில்லை. உங்கள் மகன் எங்கே என்று தெரிந்த வாய் ஒன்று இப்போது மூடிவிட்டது. நீங்கள் ஏமாந்த மாதிரி உணரவில்லை, ஏமாற்றப்பட்டுத்தான் இருக்கிறீர்கள். அவன் கட்டிலைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லியிருப்பான் என்றால் அதையும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த முகாமில் அவனுக்குக் கீழே இருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருப்பார்கள். அவர்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேணும் என்று நான் உண்மையாகவே வேண்டுகிறேன், அம்மா, வாய் திறக்கும் வரைக்கும்.

கேள்வி (பேராதனையில் படிக்கும் மாணவி): என்ர அறைத் தோழி சிங்களப் பிள்ளை. அவளின்ர அப்பா பழைய ஆமி, யாழ்ப்பாணத்திலயும் நிண்டவர். நேற்றுச் செத்திட்டார். போனா வீட்டுப் படியை மிதிக்காத எண்டு அம்மா சொல்லுறா.

பதில்: போங்கள், பிள்ளை. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேணும் என்று உங்கள் அம்மாவே எத்தனை தரம் சொல்லியிருப்பா. அவர் இங்கே என்ன செய்தார் என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் தோழிக்கும் தெரியாமல் இருக்கலாம். அன்றைக்கு அதைக் கேட்க வேண்டாம். நீங்கள் போவது அவளிடம்.

வெள்ளை உடுத்துங்கள். ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டியிருக்கும், வீடு பிடிக்கக் கஷ்டமில்லை. பிக்குமார் ஓத ஓத, வீட்டுக்காரர் கூடியிருந்து செம்பிலிருந்து கோப்பைக்குத் தண்ணி வார்ப்பார்கள், கோப்பை நிரம்பி வழியும் வரைக்கும். அந்த நேரம் அவள் பக்கத்தில் இருங்கள். அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம், அவவுக்கும் ஒரு கதை இருக்கும், எப்பவாவது கேளுங்கள். அடுத்த முறை ஊருக்கு வந்தால் படலையில் நின்று கூப்பிடுங்கள். கதவு திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்.