விசா வந்துவிட்டது, போகத்தான் பயம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 33 வயது. கிளிநொச்சியில் அம்மாவுடன் இருக்கிறேன், ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கலியாணம் முடிந்து மூன்று வருடம். அவருக்குச் சொந்த ஊர் கோண்டாவில். 1996இல், பத்து வயதில், தாய் தகப்பனோடு கனடா போனவர். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார். பேசிச் செய்த கலியாணம் என்றாலும் எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. நல்லூரில் தாலி கட்டி மூன்று கிழமை நின்றுவிட்டுப் போனார். பிறகு ஒருதரம் வந்து ஒரு மாதம் நின்றார். மிச்சமெல்லாம் வட்ஸ்அப்பில்தான்.

போன மாதம் விசா வந்தது. ஊரில் எல்லாரும் "அதிர்ஷ்டக்காரி" என்கிறார்கள். எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை.

2009இல் எனக்குப் பதினேழு வயது. புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கடைசிவரை போனோம். அப்பா செல் பட்டு அங்கேயே போய்விட்டார். அண்ணாவை வட்டுவாகலில் விசாரிக்க வேண்டும் என்று தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்துக்கு அம்மா அன்றிலிருந்து போய்வருகிறார்.

எனக்கு இப்பவும் கெட்ட கனவு வரும். பட்டாசு வெடித்தால் என்னையறியாமல் குந்திவிடுவேன். ஒருநாள் இதை அவரிடம் சொல்லத் தொடங்கினேன். "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு, இங்க வந்தா மறந்திடும்" என்று கதையை மாற்றிவிட்டார். மாமிக்கு முன்னால் முகாம் கதை எடுக்க வேண்டாம் என்றும் பிறகு சொன்னார். மாமியும் மச்சாள் குடும்பமும் மேல்வீட்டில். நாங்கள் இருக்கப்போவது அதே வீட்டின் பேஸ்மென்ட்டில்.

போன கிழமை வேலையாக ஹலிபாக்ஸ் போன இடத்தில், பியர் 21 என்ற மியூசியத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார். இரண்டாம் உலகப் போர் முடிந்து கனடாவுக்குக் கணவன்மாரிடம் வந்த வெள்ளைக்காரப் பெண்கள், 'வார் பிரைட்' (போர்க்கால மணப்பெண்) என்று சொல்லப்படுபவர்கள், கப்பல் தளத்தில் நின்று சிரித்துக் கை காட்டுகிறார்கள். "நீயும் என்ர வார் பிரைட்தான்" என்று கீழே எழுதியிருந்தார். பகிடிதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்கள் போர் முடிந்த சந்தோஷத்தில், காதலித்தவனிடம் போகிறார்கள். நான் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு, பாதி தெரிந்த ஒருவரிடம் போகிறேன். என் வாழ்க்கையில் நடந்த போரைக் கேட்கவே அவருக்கு விருப்பமில்லை.

நான் நன்றி இல்லாதவளா? போகத்தான் வேண்டுமா?

பெயர் வேண்டாம்,
கிளிநொச்சி

*

அன்புள்ள தங்கச்சி,

துறைமுகத்தில் படம் பிடித்தால் யாரும் சிரிப்பார்கள். விமான நிலையத்தில் நீங்களும் சிரிப்பீர்கள். அந்தப் படத்தை வைத்து உங்களை அளக்க வேண்டாம். அந்தப் பெண்களின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், அவர்களுக்கும் உங்களுக்கும் நீங்கள் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

1939 கடைசியிலிருந்து கனடியப் படையினர் வருடக்கணக்கில் பிரித்தானியாவில் தங்கியிருந்தார்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 48,000 பெண்கள் அவர்களை மணந்திருந்தார்கள். பெரும்பாலானோர் பிரித்தானியர். ஒல்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் நாட்டுப் பெண்களும் இருந்தார்கள். இவர்களைக் கனடாவுக்கு அனுப்புவதற்கென்றே 1944இல் லண்டனில் கனடிய மனைவியர் பணியகம் என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். போர் முடிந்தும் கப்பலில் இடம் கிடைக்கப் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். விசாவுக்குக் காத்திருந்த உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1946 பெப்ரவரியில் மோரிட்டானியா என்ற கப்பல் லிவர்பூலிலிருந்து நூற்றுக்கணக்கான மனைவியரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு உங்கள் கணவர் நின்ற, அப்போது கப்பல்துறையாக இருந்த அதே பியர் 21க்கு வந்து சேர்ந்தது. அந்த வருடம் முழுக்க இப்படிக் கப்பல் கப்பலாக வந்தார்கள். கூப்பனுக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் கப்பலில் வெள்ளைப் பாணையும் தோடம்பழத்தையும் கண்டு அதிசயப்பட்டார்கள், அப்புறம் கடல் ஒத்துக்கொள்ளாமல் அதையெல்லாம் வாந்தி எடுத்தார்கள்.

பலருக்குக் கணவனோடு பழக்கம் என்பதே லீவில் வந்த சில நாட்கள்தான். சீருடையில் பார்த்து மணந்த ஆள், ரயிலடியில் சாதாரண உடுப்பில் நின்றபோது அடையாளமே தெரியவில்லை என்று நினைவுகூர்ந்தவர்கள் உண்டு. போருக்குப் பிறகு கனடாவில் வீட்டுத் தட்டுப்பாடு, அதனால் நிறையப் பேர் நேராக மாமியார் வீட்டுக்குத்தான் போனார்கள். (மாமியோடு ஒரே வீடு 1946இலும் பெரிய பிரச்சினைதான்.) தண்ணீர்க் குழாய் இல்லாத பண்ணை வீடு, வெளியே கக்கூஸ், பிரெஞ்சு மட்டும் பேசுகிற குடும்பம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. சிலர் திரும்பிப் போனார்கள். பெரும்பாலானோர் அங்கேயே வாழ்ந்தார்கள். பயம் வந்ததை வைத்து இதில் யார் போவார், யார் இருப்பார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அதனால் உங்கள் பயத்தையும் நான் கெட்ட சகுனமாக எடுக்கவில்லை. நன்றி கெட்டதனமாகவும் எடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு இடம். லண்டனில் 1940 செப்டெம்பரிலிருந்து பல மாதம் இரவிரவாகக் குண்டு விழுந்தது. சனம் நிலத்தடி ரயில் நிலையங்களில் படுத்தெழும்பியது. அதற்குள் வாழ்ந்த பெண்கள் போய் இறங்கியது ஒரு குண்டும் விழாத ஊர்களில். சைரன் சத்தம் வயிற்றில் என்ன செய்யும் என்று அந்த வீடுகளில் விளங்கக்கூடிய ஒரே ஆள் கணவன்தான், அவனும் பல வீடுகளில் தன் போரைப் பற்றி வாய் திறக்கவில்லை. உங்களைப் பயமுறுத்துவதும் அப்படியொரு வாழ்க்கைதான் என்று நினைக்கிறேன். பேஸ்மென்ட்டும் மாமியும் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் எழுதிய வருடங்களைத் திரும்பப் பாருங்கள். கோண்டாவில். 1996இல் பத்து வயது. அப்படியென்றால் 1995 ஒக்டோபர் கடைசியில், வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டபோது, அவர் ஒன்பது வயதுப் பிள்ளை. அந்தக் கூட்டத்தில் அவர் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றுதான் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. கேட்டுப் பாருங்கள். "வந்தா மறந்திடும்" என்பது அந்த வீட்டில் அவர் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வசனமாக இருக்கலாம். மாமிக்கு முன்னால் எடுக்காதே என்பதன் காரணமும் அங்கேயே இருக்கலாம். காரணம் எதுவானாலும், உங்கள் வாயை மூட அவருக்கு உரிமை இல்லை. மாமிக்குச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை நீங்கள் முடிவெடுங்கள்.

அவரிடம் முழுக்கதையையும் ஒரேயடியாகச் சொல்லத் தேவையில்லை, போனில் அது சரியாகவும் வராது. கூட வாழப்போகிறவர் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் முதலில் சொல்லுங்கள்: இரவில் கத்தி எழும்பக்கூடும், அப்போது என்ன செய்தால் உதவி, திடீர்ச் சத்தம் வந்தால் உடம்பு என்ன செய்யும். மே மாதம் பற்றியும் சொல்லுங்கள். கனடாவில் விக்டோரியா தினம் மே 18க்கும் 24க்கும் இடையில் வரும் திங்கட்கிழமை. அந்த வார இறுதியில் ரொறன்ரோவில் வாணவெடி விடுவார்கள், அக்கம்பக்கத்திலும் விடுவார்கள். முள்ளிவாய்க்கால் நினைவு நாளை ஒட்டி, உங்களுக்கு மிக மோசமான அந்தக் கிழமையில், ஒன்றும் தெரியாமல் பேஸ்மென்ட்டில் தனியே இருந்து அதைக் கேட்கக் கூடாது. கனடா தினமான ஜூலை 1ஆம் திகதியும் அப்படித்தான். இதை அவர் காலண்டரில் குறித்து, அந்த இரவுகளில் உங்களோடு வீட்டில் இருக்கட்டும்.

அங்கே போனால் இதைப் பற்றிக் கதைக்க ஆளில்லை என்று நினைக்க வேண்டாம். ஒன்ராறியோவில் 2021இல் வந்த சட்டப்படி மே 12 முதல் 18 வரை தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரம். பிரம்டனில் 2025இல் நினைவுத்தூபி திறந்தார்கள். மே 18இல் கஞ்சி காய்ச்சுகிறார்கள். ஸ்காபரோவில் தமிழில் ஆலோசனை தருகிறவர்களும் உண்டு. 211 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கேட்டால் எங்கே போவது என்று சொல்வார்கள். ஆனால் நித்திரை இல்லாததற்கு அதுவரை பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பதினேழு வயதில் தொடங்கியது இது. வைத்தியம் உண்டு, குறைக்க முடியும்.

அம்மாவைப் பற்றி. பொலீன் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தார். உடலும் இல்லை, ஆள் திரும்பியும் வரவில்லை என்றால் குடும்பம் அழுது முடிக்கவும் முடியாது, நம்பி முடிக்கவும் முடியாது என்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் வேறு ஒருவர் பயணப் பையை எடுத்தாலே இன்னொரு ஆள் காணாமற்போவது போலத்தான் இருக்கும். உங்களுடைய குற்ற உணர்வில் பெரும்பங்கு அதுதான். ஆனால் அம்மா என்ன சொல்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் இத்தனை வருடம் போராட்டப் பந்தலில் இருந்த பெண், பதில் சொல்லத் தெரியாதவர் இல்லை. நேரே கேளுங்கள். இரவில் அவரோடு யார் படுப்பது, மருந்துக்கு யார் போவது என்பதையும் அவரோடு இருந்தே ஒழுங்கு செய்யுங்கள். நீங்கள் அகதியாகப் போகவில்லை. நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த பிறகும் உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் வந்துபோகலாம், ஐந்து வருடத்தில் மொத்தம் இரண்டு வருடம் கனடாவில் இருந்திருந்தால் போதும். 1946இல் வந்தவர்களுக்கு அரசாங்கம் போகத்தான் இலவசமாகக் கப்பல் விட்டது. தாயைப் பார்க்கத் திரும்பி வரக் காசு சேர்க்கவே பலருக்கு வருடங்கள் எடுத்தன.

போகத்தான் வேண்டுமா என்றால், இல்லை. விசா ஒரு கட்டளை கிடையாது. அதே நேரம், அவர் அடிக்கிறார், ஏமாற்றுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கும் காரணமில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ஸ்பொன்சரில் போன சில தம்பதிகள் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிட உரிமை நிலைக்கும் என்றொரு நிபந்தனை 2012இல் வந்தது, 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாராவது உங்களை வெருட்டினால் நம்ப வேண்டாம். கடவுச்சீட்டும் பத்திரங்களும் உங்கள் கையில் இருக்கட்டும், போனதும் உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறவுங்கள். நல்ல கணவன் இதற்குக் கோபப்பட மாட்டார்.

விசாவில் போட்டிருக்கும் கடைசித் திகதியைப் பார்த்துவிட்டு, டிக்கெட் போட முன் அவரோடு கதையுங்கள். 1995இல் என்ன நடந்தது என்று முதலில் அவரைக் கேளுங்கள், பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள். அவர் அழலாம், திரும்பவும் கதையை மாற்றலாம், கோபப்பட்டு போனை வைக்கலாம். முதலாவது என்றால் டிக்கெட்டைப் போடுங்கள். இரண்டாவது என்றால் ஒரு கிழமை விட்டுத் திரும்பவும் தொடங்குங்கள். மூன்றாவது என்றால் டிக்கெட் போடாமல் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா