பலகைத் தேர்வும் திருத்தமும்: டர்பன் ஸ்கேட்போர்டு, லாங்போர்டு அன்பர்களுக்குக் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சிறு பட்டறை வைத்து, ஸ்கேட்போர்டுகளையும் அவற்றின் நீண்ட வகையான லாங்போர்டுகளையும் அச்சில் அழுத்திச் செய்து வருகிறேன். பலகை, அதாவது நாம் டெக் என்று சொல்லும் பகுதி, அதன் வடிவம், மரம், பூச்சு ஆகியவை குறித்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சக்கரம், பேரிங் ஆகியவற்றைப் பலகையோடு தொடர்புள்ள அளவுக்கே தொடுவேன்.

சாட்ஸ்வொர்த், பள்ளி மாணவர்: அண்ணா, தெருவில் பழக முதல் ஸ்கேட்போர்டு வாங்கப் போகிறேன். 8 அங்குல அகலம் சரியா, 8.5 சரியா?

தம்பி, முதலில் காலணியின் நீளத்தைப் பாருங்கள். நடுத்தரப் பாதமுள்ளவர் துள்ளலும் புரட்டலும் பழக 8 முதல் 8.25 அங்குலம் வரை எடுத்துக்கொண்டால் பலகை காலுக்குக் கீழே எளிதில் சுழலும். பெரிய பாதமுள்ளவருக்கும், கிண்ணம் போன்ற பள்ளத் தளங்களில் ஓட்டுபவருக்கும் 8.5 நிலையாக இருக்கும். அகலத்தை முடிவு செய்தபின் அதே அகலமுள்ள அச்சுத்தண்டோடு டிரக், அதாவது சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் உலோகப் பகுதி, வாங்குங்கள், 8.25 அங்குலப் பலகைக்கு ஏறத்தாழ 8.25 அங்குல அச்சு என்பதே கணக்கு. பலகையின் அடியிலுள்ள படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கம்பியிலும் திண்டிலும் சறுக்கத் தொடங்கிய சில வாரங்களில் அந்தப் படம் தேய்ந்துவிடும். அகலமும் வளைவும் மட்டுமே உங்களுடன் இருக்கும்.

ஃபீனிக்ஸ், கல்லூரி மாணவி: அண்ணா, கடற்கரை நடைபாதையில் மாலையில் ஓட்டுவதற்கு லாங்போர்டு வேண்டும். வால் கூர்மையான பின்டெயில் அழகாக இருக்கிறது. கடைக்காரர் டிராப் த்ரூ வாங்கச் சொல்கிறார். எது நல்லது?

டர்பனின் கடற்கரை நடைபாதை நீளமானது, பெரும்பாலும் சமதளமானது. அங்கே இறக்கம் உங்களை இழுத்துச் செல்லாது. காலால் தள்ளித்தான் தூரத்தைக் கடக்க வேண்டும். தள்ளும் கால் தரையைத் தொட ஒவ்வொரு முறையும் நிற்கும் முழங்கால் மடங்குகிறது. பலகை எவ்வளவு உயரமோ அவ்வளவு மடக்கம், அவ்வளவு களைப்பு. டிராப் த்ரூ அமைப்பில் டிரக் பலகையின் துளை வழியே இறங்கி, அதன் அடித்தட்டு மேற்புறத்தில் பொருத்தப்படுவதால், நிற்கும் இடம் தரைக்கு நெருங்குகிறது. சக்கரத்துக்கு நேரே பலகை வெட்டி விடப்பட்டிருப்பதால், சாய்ந்து திரும்பும்போது சக்கரம் பலகையில் உரசி உங்களைத் தூக்கி எறிவதும் நேராது. ஆகவே நீண்ட தூரம் தள்ளிச் செல்வதுதான் உங்கள் விருப்பம் என்றால் கடைக்காரர் சொன்னது சரியே.

பின்டெயில் தவறான தேர்வு அன்று. அதில் டிரக் பலகைக்கு அடியில் பொருத்தப்படுவதால் திரும்பும் விசை அதிகம். அலையில் சறுக்குவது போன்ற இழுவை வேண்டுபவர்கள் அதையே விரும்புவார்கள். ஆனால் 70 மி.மீ. சக்கரம் போட்டால், பலகைக்கும் டிரக்குக்கும் இடையே 6 மி.மீ. அளவுக்கு, இடைவெளியைக் கூட்டும் ரைசர் அட்டை வைத்து, அதற்கேற்ற நீளமான போல்ட்டும் போட வேண்டும். இதைச் செய்யாமல் பெரிய சக்கரம் பூட்டியவர்களின் பலகையில் அரைவட்டத் தேய்வு இருப்பதைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொன்று, நெகிழ்வு. உங்கள் எடை 55 கிலோ என்றால் மெல்லிய, சற்று மேல்நோக்கி வளைந்த பலகை நடைபாதையின் அதிர்வை விழுங்கும். அதே பலகையில் 95 கிலோ எடையுள்ளவர் நின்றால் நடுப்பகுதி தரையைத் தொடும். கடையிலேயே ஏறி நின்று, முழங்காலை மடக்கி மெல்ல அழுத்திப் பாருங்கள்.

இசிப்பிங்கோ: அண்ணா, ஒரு வருடம்கூட ஆகவில்லை, பலகையின் முனையில் அடுக்குகள் பிரிகின்றன. பசை மோசமா?

பசையைக் குறை சொல்லும் முன் விளிம்பைப் பாருங்கள். கடலோரக் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. மூக்கிலும் வாலிலும் மரநாரின் வெட்டுமுனை திறந்திருக்கிறது. நீர் நாரின் வழியாகத்தான் வேகமாக உள்ளே ஏறுகிறது. தரையில் உரசிக் கடைப் பூச்சு போய்விட்ட முனை வழியே மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும், காய்ந்து சுருங்கும்; இது மாறிமாறி நடக்க, பசைக்கோடு விட்டுக்கொடுக்கும். பிரிந்த இடத்தைத் திறந்து, முழுவதும் உலரவிட்டு, நீர் தாங்கும் மரப்பசையை மெல்லிய தகட்டால் உள்ளே செலுத்தி, இறுக்கியால் ஒரு நாள் முழுவதும் பிடித்து வையுங்கள்.

எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: புதுப் பலகை வாங்கிய அன்றே, கால் வழுக்காமல் பிடிக்கும் கிரிப் டேப்பை மேலே ஒட்டும் முன், விளிம்பைச் சுற்றியும் எட்டு போல்ட் துளைகளின் உட்புறத்திலும் பாலியூரிதேன் வார்னிஷை இரண்டு முறை பூசுங்கள். துளைக்குப் பஞ்சுக் குச்சி போதும். மழையில் ஓட்டாதீர்கள். கோடை வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். வெள்ளை மரப்பசை வெப்பத்தில் இளகி, வளைவு கலைந்துவிடும்.

மெரிபேங்க், தச்சர்: நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தச்சு வேலை செய்தவன். என் பேரனுக்கு மரைன் பிளைவுட்டில் பலகை வெட்டிக் கொடுக்கப் போகிறேன். படகு தாங்கும் மரம் ஒரு பையனைத் தாங்காதா? கனடா மேப்பிள் என்று ஏன் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டும்?

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். மரைன் பிளைவுட்டின் பெருமை இரண்டு: நீர் தாங்கும் பசை, உள்ளே வெற்றிடம் இல்லாத அடுக்கு. இரண்டும் நல்லவைதாம். ஆனால் அதன் அடுக்குகள் ஒன்று நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் மாறிமாறி வருகின்றன. ஏனெனில் அந்தத் தகடு நெடுக்கிலும் குறுக்கிலும் ஏறத்தாழ ஒரே அளவு உறுதியாக இருக்க வேண்டும். ஸ்கேட்போர்டுக்கு அப்படிப்பட்ட தேவை இல்லை. இரண்டு டிரக்குகளுக்கு நடுவே நெடுக்காகத்தான் அது வளைகிறது. மேப்பிள் போன்ற மரத்தின் விறைப்பு நாரின் நெடுக்கில் இருப்பது குறுக்கில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆகவேதான் ஏழு அடுக்குப் பலகையில் ஐந்தை நெடுக்காகவும் இரண்டை மட்டும் குறுக்காகவும் வைக்கிறார்கள். அந்த இரண்டும் பலகை முறுக்கிக்கொள்ளாமலும் நீளவாக்கில் பிளக்காமலும் காக்கின்றன.

அடுத்தது அடர்த்தி. மேப்பிள் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ. மரைன் பிளைவுட்டுக்குப் பரவலாகப் பயன்படும் ஒகூமே மரம் அதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டுவதில்லை. பேரன் படியிலிருந்து குதித்து இறங்கும்போது முழு அடியும் நான்கு நான்கு போல்ட்டுகளின் தலையில் வந்து சேர்கிறது. மென்மையான மரத்தில் போல்ட் தலை நசுங்கி உள்ளே இறங்கும், டிரக் தளரும்.

அதே தச்சர்: படகில் அலை அடிப்பது குறைவான அடியா? நான் செய்த படகுகள் இன்னும் மிதக்கின்றன.

மிதக்கும், ஐயா. படகில் அலையின் அடி அகலமாகப் பரவுகிறது, தகட்டுக்குப் பின்னால் சட்டங்கள் தாங்குகின்றன. பலகைக்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை. தட்டையான தகட்டிலிருந்து வெட்டினால் குறுக்கு வளைவும் கிடைக்காது. காலைப் பிடித்து நிறுத்துவதோடு பலகைக்கு விறைப்பைத் தருவதும் அந்த வளைவுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: இந்த வாதத்தில் நானும் சேர்கிறேன். நம் மாகாணம் முழுவதும் சாலிக்னா வளர்கிறது. கடல் கடந்து மேப்பிள் வருவதற்குப் பதிலாக அதைப் பயன்படுத்தினால் என்ன?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சாலிக்னா என்று நாம் வாங்குவது விரைந்து வளரும் யூகலிப்டஸ் மரம். அதன் சிக்கல் சராசரி உறுதியில் இல்லை, சீரின்மையில் இருக்கிறது. அடிமரத்தின் நடுப்பகுதி இலேசாகவும் வெளிப்பகுதி கனமாகவும் இருக்கும். வளர்ச்சியின் இழுவிசை உள்ளே தங்கியிருப்பதால் அறுத்த உடனேயே முனைகள் பிளக்கும். குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்த மேப்பிளில் ஒரு தகடு மற்றொன்றைப் போலவே நடந்துகொள்ளும்; ஒரே அச்சில் நூறு பலகை அழுத்துபவருக்கு அதுவே வேண்டும். ஒரு பலகை மட்டும் செய்பவர் மரத்தைத் தாமே பொறுக்க முடியும். வெளிப்பகுதியிலிருந்து அறுத்த, நன்கு உலர்ந்த சாலிக்னாவை 3 மி.மீ. பட்டைகளாகச் சீவி, நடுவே பிர்ச் பிளைவுட் வைத்து ஒட்டினால் தரமான லாங்போர்டு கிடைக்கும். கோடு போட்ட அழகு வேண்டுமென்றால் கியாட் மரத்தைச் சேருங்கள்; அது நம் வேங்கையின் இனம், ஈரத்துக்குக் குறைவாகவே அசையும் மரம், கடலோரத்துக்கு ஏற்றது. அதன் தூள் மூக்கையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும், முகமூடி கட்டாயம். ஒட்டி முடித்ததும் விளிம்புக்கும் துளைக்கும் வார்னிஷ், மறவாதீர்கள்.

லெனேஷியா, ஜோஹானஸ்பர்க்: அண்ணா, காற்றை உறிஞ்சும் பையில் அழுத்திச் செய்கிறேன். டர்பன் நண்பனின் பலகையில் அடுக்கு இறுக்கமாக ஒட்டுகிறது, என்னுடையதில் ஆங்காங்கே இடைவெளி. பம்பு ஒன்றே.

பம்பு ஒன்றாக இருந்தாலும் மேலேயுள்ள காற்று ஒன்றன்று, தம்பி. அந்தப் பையில் அழுத்துவது பம்பு அல்ல, வளிமண்டலம். கடல் மட்டத்தில் அது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஜோஹானஸ்பர்க் உயரத்தில் 83 அளவுதான். 100 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள பலகையின் மேல், முழு வெற்றிடம் கிடைத்தால் டர்பனில் இரண்டரை டன் எடைக்குச் சமமான அழுத்தம் விழும். உங்கள் ஊரில் இரண்டு டன்னைச் சற்றே தாண்டும். ஆகவே தடித்த தகடுகளைத் தவிர்த்து மெல்லியவற்றை எடுங்கள். ஆழமான வளைவுள்ள அச்சைத் தவிருங்கள். ஒரே நேரத்தில் ஏழு அடுக்கையும் வைக்காமல் மூன்றும் நான்குமாக இரண்டு முறை அழுத்துங்கள். உங்கள் குளிர்காலக் காற்று மிக வறண்டது. பசை விரைவில் தோல் கட்டிவிடும். அதையும் கணக்கில் வையுங்கள்.

வெருலம்: எனக்கு 8 அங்குலமா, 8.25 அங்குலமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஃபீனிக்ஸ், இன்னொருவர்: லாங்போர்டின் அடியில் முருகன் படம் வரைய விரும்புகிறேன். எந்த வண்ணம் நிற்கும்?

120 எண் உப்புத்தாளாலும் பின்பு 220 எண் தாளாலும் தேய்த்து, அக்ரிலிக்கில் வரைந்து, ஒரு நாள் உலரவிட்டு, நிறமற்ற பாலியூரிதேனை மூன்று மெல்லிய பூச்சாக இடுங்கள். லாங்போர்டு கம்பியில் சறுக்காது என்பதால் படம் பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் கேட்கிறவர் தம்பி என்பதால் சொல்கிறேன்: காலால் மிதிக்கும் பொருளில் சுவாமி படம் வேண்டாம். காவடி எடுத்த குடும்பங்கள் இந்த ஊரில் பல. அவர்கள் மனம் நோகும். மயிற்பீலி வரையுங்கள், கோலம் வரையுங்கள். கோலம் வாசலில், கால் படும் இடத்திலேயே இடப்படுவது. புள்ளிக்கோலத்தின் நீண்ட வடிவம் பலகையின் நீளத்துக்கும் இசையும்.

டொங்காட்: எனக்கு 45 வயது. இனிமேல் பலகை வாங்குவது பொருத்தமா?

தாராளமாக வாங்குங்கள். நம் நாட்டின் டாலஸ் ஓபர்ஹோல்சர் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு போட்டியில் இறங்கியபோது அவருக்கு வயது 46. அகலமான, தாழ்ந்த டிராப் த்ரூ பலகையும் 78ஏ என்ற கடின அளவுள்ள மென்சக்கரமும் எடுங்கள். தலைக்கவசத்தைப் பலகையோடு சேர்த்தே வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த்: எங்கள் வீட்டுச் சரிவில் வேகமாக இறங்க, நடைபாதைக்கு நீங்கள் சொன்ன நெகிழும் பலகை போதுமா?

போதாது. வேகத்தில் நெகிழும் பலகை டிரக்கின் நடுக்கத்தைப் பெருக்கும். விறைப்பான, ஆழ்ந்த வளைவுள்ள பலகை வேண்டும். அதைவிட முக்கியமாக, காலால் தேய்த்து நிறுத்தப் பழகாதவர் வண்டி ஓடும் சரிவில் இறங்கக் கூடாது.

உம்லாஸ்: மின்மோட்டார் பொருத்த எந்தப் பேட்டரி?

பேட்டரியை மின்வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள். பலகையில் புதிதாகத் துளையிட்டால் துளைக்குள் வார்னிஷ் பூசுங்கள்.

இசிப்பிங்கோ: மழையில் ஒரே ஒருமுறை ஓட்டினால் கெடுமா?

கெடும்.

ஸ்டேங்கர்: என் மகனுக்கு 8 அங்குலமா...

முதல் பதில்.

மெரிபேங்க் தச்சர்: சரி, படகு மரத்தை விட்டுவிடுகிறேன். பேரன் குதிக்கப் போவதில்லை, கடற்கரையில் ஓட்டத்தான் கேட்கிறான். என் பட்டறையில் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

ஐயா, அதற்கு உங்கள் கை போதும். 6 மி.மீ. பிர்ச் பிளைவுட் இரண்டு தகடு எடுத்து, மேற்பரப்பு நார் நெடுக்காக வருமாறு ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே நீர் தாங்கும் பசையைச் சீராகத் தேய்த்து, நடுவில் 15 மி.மீ. உயரமுள்ள கட்டை வைத்து இரு முனைகளையும் இறுக்கியால் கீழே இழுத்து, ஒரு நாள் விடுங்கள். கழற்றினால் வளைவில் சிறிது தளரும், அது இயல்பு. பிறகு வடிவத்தை வரைந்து வெட்டி, விளிம்பை உருட்டுங்கள். துளைகளை 5 மி.மீ. துரப்பணத்தால் இடுங்கள், டிரக்கின் அடித்தட்டையே மேலே வைத்துக் குறித்தால் அளவு பிசகாது, ஆனால் இரண்டு டிரக்கும் ஒரே நடுக்கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். கோணினால் பலகை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடும். பேரனை ஏற்றும் முன் நீங்களே நடுவில் நின்று அழுத்திப் பாருங்கள். தரையைத் தொட்டால் மூன்றாவது தகடு ஒன்று சேர்க்க வேண்டும். விளிம்பு வார்னிஷைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.